அம்மா சொன்ன வயசு

பதினாலு. பதினாலு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டதற்கு மட்டும் பதில், சுனாமியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று காட்டுக்காரரின் வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். கோர்ட்டு வராந்தாவில் சிமெண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு பாவாயி அந்தப் பதினாலை வாய்க்குள்ளேயே போட்டு அதக்கிக்கொண்டிருந்தாள். அதக்க அதக்க அது வயசாக இல்லாமல் வெறும் சத்தமாகப் போயிற்று. டவாலி போட்ட ஆள் கதவுக்கு வெளியே வந்து ஒவ்வொரு பேரையும் மூன்று தரம் கூப்பிட்டான். கூப்பிட்டவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். நம்ம பேரைக் கூப்பிட்டால் நமக்குக் காது கேட்குமா என்று அவளுக்கு ஒரு பயம் வந்தது. பாவாயி, பாவாயி, பாவாயி என்று தானே மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். யாரோ ஒருத்தியைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. பெஞ்சின் அந்த ஓரத்தில் காட்டுக்காரர் நல்லப்பன் உட்கார்ந்து, வீங்கின காலை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட முடியாமல் நீட்டிக்கொண்டிருந்தார். வழக்கு அவர் மேல். சாட்சி இவள். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள், டிக்கெட்டை அவரே எடுத்தார், இறங்கினதும் நாலு இட்லி கட்டிக் கொடுத்தார். அந்தப் பொட்டலம் பிரிக்காமல் அவள் மடியில் இருந்தது, சூடு இன்னும் ஆறவில்லை. எறும்பு ஒன்று வாழை இலையின் ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. காட்டுக்காரர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், தான் சாப்பிடாமல் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கினதுக்கு உடனே தன் மேலேயே கோபம் வந்தது.

காட்டு வேலையில் பிடிபட்ட அன்றைக்கு ஒரு புள்ளைக்கு என்ன வயசு என்று ஏழு வருசமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பேப்பர் பதிமூணு என்கிறது. எலும்பைப் படம் பிடித்த டாக்டர் பன்னெண்டிலிருந்து பதினாலு வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதினாலு நிறைந்திருந்தால் காட்டுக்காரர் மேல் குத்தமில்லை, நிறையாவிட்டால் ஜெயில், அபராதம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பேப்பர் எப்படி வந்தது என்பது பாவாயிக்குத் தெரியும். அவள் மகள் கோகிலவாணி வீட்டிலேயே பிறந்தவள், ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. ஒண்ணாங் கிளாசில் சேர்க்கப் போனால் பெரிய வாத்தியார் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயசு. கோகிலாவுக்கு அப்போது நாலு முடிந்து மூணு மாசம். இடுப்பில் புள்ளையோடு போனால் களையெடுக்க யாரும் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. தலையைக் கொஞ்சம் சாச்சுக்கோ சாமி, தோளைத் தூக்கு, இன்னும் தூக்கு என்று பத்து நாள் பழக்கினாள். அந்தக் குஞ்சு விரல் காது மடலைத் தொட்டதும் ரெண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். பெரிய வாத்தியார் ஜூன் ஒண்ணாந் தேதி என்று எழுதிக்கொண்டார். அந்த வருசம் சேர்ந்த முப்பது புள்ளைகளும் ஜூன் ஒண்ணாந் தேதி பிறந்தவர்கள்தான். போன வருசம் அவர் இதே கோர்ட்டில் வந்து, ஆமாங்க, காதைத் தொட்டுச்சு, சேத்துக்கிட்டேன் என்று சொன்னபோது உள்ளே எல்லோரும் சிரித்தார்களாம். காட்டுக்காரரின் வக்கீல் தன் கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காட்டி, நான்கூட இப்பத்தான் தொடறேன், எனக்கும் அஞ்சு வயசு போட்டுக்கலாமா என்று கேட்டாராம். அந்தச் சிரிப்பு பாவாயியின் காதில் இன்னும் இருக்கிறது, அவள் அப்போது உள்ளே இல்லாவிட்டாலும். முதல் பொய் அதுதான். சின்னப் பொய். புள்ளைக்கு ஒரு வேளை சத்துணவு கிடைத்தது, அதை யாரும் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் சொன்னவைதான். வயசு என்ன கிணற்று வாளியா, வேண்டும்போது இறக்கவும் வேண்டும்போது ஏற்றவும்?

பருத்தி. வெள்ளையாக வெடித்துக் கிடக்கிற பருத்தி இல்லை, விதைக்காகப் போடுகிற பருத்தி. கம்பெனிக்காரன் ரெண்டு சாதி விதை கொடுத்துவிட்டுப் போவான். ஒரு சாதிப் பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு சாதிப் பூவில் தேய்க்க வேண்டும், அதுக்குப் பேர் கிராசிங். சாயங்காலம் மொட்டை நகத்தால் கீறி உரித்துச் சிவப்புக் காகிதத் தொப்பி மாட்டிவிட்டால், மறுநாள் காலையில் எட்டு எட்டரைக்குப் பூ தயாராக இருக்கும். தொப்பியைக் கழற்றி, ஆண் பூவை வைத்து மெல்லத் தேய்த்து, காம்பில் வெள்ளை நூல் கட்டினால் வேலை முடிந்தது. பத்து மணி வெயில் ஏறினால் பூ ஏற்காது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற நேரமும் பூ கேட்கிற நேரமும் ஒன்றாக இருந்தால் புள்ளைகள் எங்கே போகும்? சாயங்கால வேலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், பாவாயியும் போனாள். காலைப் பூவுக்கு மட்டும் சின்னப் பொட்டைப் புள்ளைகள்தான் வேண்டும் என்பார்கள். செடி இடுப்பு உயரம், அதுகளுக்குக் குனிய வேண்டியதில்லை, விரல் மெல்லிசு என்பது வெளியே சொல்லுகிற காரணம். உள்ளே சொல்லுகிற காரணம் வேறே. வயசுக்கு வந்த பொண்ணு கை பட்டால் பூ காய் பிடிக்காது. எல்லாக் காட்டிலும் இதே பேச்சுதான். பிஞ்சுப் பூவுக்குப் பிஞ்சுக் கைதான் வேணும் பாவாயி, நாளைக்கு காய் நிக்கலைன்னா கம்பெனிக்காரன் என் காட்டைத் திரும்பிப் பார்ப்பானா என்று நல்லப்பன் ஒவ்வொரு வருசமும் பூவெடுப்புக்கு முன்னால் வீட்டு வாசலுக்கே வந்து கேட்பார். உம் பொண்ணு இன்னும் சின்னப் புள்ளைதானே? சின்னப் புள்ளைதாங்க. அந்தக் கேள்வியில் அவளுக்கு அன்றைக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி கேட்டார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அவள் புருசன் மாணிக்கம் ரிக் வண்டியில் போனவன். போர் போடுகிற வண்டியோடு வடக்கே எங்கெங்கோ போய் எட்டு மாசம் கழித்துத் தலைமுடியெல்லாம் செம்மண்ணாக வந்து நிற்பான். ஒருதரம் வந்தபோது ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள், இரும்புக் குழாய் விழுந்து வலது பாதம் கூழாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக் கொடுத்தது நல்லப்பன்தான். ராத்திரி பகல் பார்க்காமல் கூட இருந்தவரும் அவர்தான். செலவை அடுத்த பூவெடுப்புக் கூலியில் கழித்துக்கலாம் என்றார். கழிக்க வேண்டியது யார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அஞ்சாங் கிளாசுப் பையைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு கோகிலா காலைப் பூவுக்குப் போனாள். பை அந்த ஆணியிலேயே தொங்கியது. ஒரு வருசம் போகட்டும், அப்பன் எழுந்து நடக்கட்டும். அப்பன் கட்டையை ஊன்றி நடந்தான். பையை யாரும் கழற்றவில்லை. நல்ல மனுசன் ஒருத்தர் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லையே, அதுதான் அவளைப் பிடித்த சனியன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் புள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள்.

உள்ளே டைப் அடிக்கிற சத்தம். தட்டுகிறது, நிற்கிறது, தட்டுகிறது. மழை விட்டுவிட்டு ஓட்டில் விழுகிற மாதிரி. அன்றைக்கும் மழைதான், ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மொட்டு உரித்துக்கொண்டிருந்தபோது கோகிலா வரப்பில் ஓடி வந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள், சத்தம் போடாமல். எப்போதும் கத்துகிற புள்ளை. மருந்தடிச்ச காட்டுக்குள்ள நின்னதுல வயித்த வலிக்குதும்மா, ஒடம்புக்குள்ள என்னமோ அறுந்துபோச்சும்மா என்று பாவாடையைக் காட்டினாள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், பைப்பில் வழிந்த தண்ணியைக் கையில் ஏந்திக் கழுவிவிட்டாள். கழுவுகிறபோது பாவாயிக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஓடிப் போய் நாலு வீட்டில் சேதி சொல்லியிருக்க வேண்டும். ஆலை வேலைக்குப் போயிருக்கிற அண்ணன் அங்கமுத்துவுக்கு ஆள் விட்டிருக்க வேண்டும். ஜவ்வரிசி ஆலையில் மாவு படிந்த கையோடு வந்து நிற்பான், கோகிலா பிறந்த அன்றைக்கே, இவ பெரியவளானா குச்சு கட்ட ஓலை நான்தான் வெட்டுவேன் என்று சொன்னவன். அதெல்லாம் தோன்றவில்லை. கையை மடக்கி நாளைத்தான் எண்ணினாள். பூவெடுப்பு முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது. மாராப்பைக் கிழித்து மடித்துக் கட்டிவிட்டு, புள்ளையின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "யாருகிட்டயும் மூச்சு விடாத கோகிலா. இருபது நாளு. முடிஞ்சதும் பந்தல் போட்டு, ரேடியோ வெச்சு, மாமன அழைச்சு எல்லாம் செய்யறேன், என்ன?" கோகிலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நாளைக்குக் காலைல பூவத் தொடலாமாம்மா? தொடலாம் போ, அதெல்லாம் சும்மா சொல்றது என்றாள் பாவாயி. சும்மா சொல்லுவது என்று அவளுக்கு மெய்யாகவே தோன்றியதா? இல்லை. அவளும் அதை நம்பினவள்தான். காட்டுக்காரரின் காய் கெட்டால் கெடட்டும் என்று ஒரு நிமிசம் நினைத்துவிட்டாள், அவ்வளவுதான். தன் புள்ளையும் அதை நம்புகிறது என்பதை நினைக்கவில்லை.

ஒரு வாரத்தில் கோகிலாவுக்கு ஒதுக்கின ரெண்டு வரிசையில், அவள் சாலில் மட்டும் பூக்கள் உதிர ஆரம்பித்தன. நூல் கட்டின காம்பு அப்படியே நூலோடு மண்ணில் கிடக்கும். மற்ற புள்ளைகளின் சாலில் கோலிக்குண்டு மாதிரி காய் ஏறிக்கொண்டிருந்தது. நல்லப்பன் குனிந்து உதிர்ந்ததைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, ஏம் பாவாயி, இந்த ரெண்டு சாலு மட்டும் இப்படிக் கொட்டுதே என்றார். மழைங்க, தண்ணி நிக்கிற எடம் என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் கோகிலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையின் மேல்தான் பதிமூணாவது நாள் அந்த ஜீப் வந்து நின்றது. தொழிலாளர் ஆபீசிலிருந்து மூணு பேர், போலீஸ் ரெண்டு பேர், கையில் நோட்டு வைத்திருந்த ஒரு பொம்பளை அதிகாரி. புள்ளைகள் சிட்டுக்குருவிக் கூட்டம் மாதிரி பக்கத்துச் சோளக்காட்டுக்குள் பறந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து வரப்பில் உட்கார வைத்தார்கள், ஒன்பது பேர். ஊரே வந்து நின்றது. எல்லாத் தாயும் பின்னால் ஒதுங்கி நிற்க, பாவாயி ஒருத்திதான் முன்னால் போனாள். பதினாலு வயசுக்குக் கீழே இருந்தால்தான் கேஸ் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்திருந்தது. என் புள்ளைக்குப் பதினாலு ஆச்சுங்க என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மா கோகிலாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாத்தா அப்படித் தெரியலையே என்றதும், நாக்கு தன் பாட்டுக்கு ஓடியது. "வயசுக்கு வந்தே ரெண்டு வருசம் ஆச்சுங்க, நானா பொய் சொல்லுவேன்?"

இதில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் அந்த அம்மா எழுதிக்கொண்டார். அதனால்தான் ஊர் முழுக்க நம்பியது. யார் கேட்டார்கள் அதை? இந்த ஏழு வருசத்தில் அவள் அந்த வரப்பில் எத்தனை தரம் போய் நின்றுவிட்டாள், எத்தனை தரம் பதினாலு ஆச்சுங்க என்பதோடு வாயை மூடிக்கொண்டாள். சோறு வடிக்கிறபோது, ரேஷன் வரிசையில், பேச்சு வராமல் கிடந்த மாணிக்கத்தின் கடைசி நாளில்கூட. ஒவ்வொரு தரமும் நாக்கு தாண்டிப் போய்விடுகிறது. அன்றைக்குச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினபோது நல்லப்பனின் முகத்தைப் பார்த்தாள். போலீசைக் கண்ட பயம் இல்லை அந்த முகத்தில். ரெண்டு வருசமாக என் காட்டை ஏமாற்றினாயா என்கிற முகம். அதுக்குப் பின்னால் கோகிலா. கோகிலா யாரையும் பார்க்கவில்லை, தன் உள்ளங்கை ரெண்டையும் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மற்ற எட்டுப் புள்ளைகளையும் சர்க்கார் வேன் வந்து தினம் ஏற்றிக்கொண்டு போயிற்று. வேலையிலிருந்து மீட்ட புள்ளைகளுக்கென்று டவுனில் ஒரு பள்ளிக்கூடம், சீருடை, மதியச் சோறு, மாசத்துக்கு ஏதோ உதவிப் பணம்கூட உண்டு. கோகிலாவின் பேர் அந்தப் பட்டியலில் இல்லை. பதினாலு ஆனவர்களுக்கு அங்கே இடமில்லையாம். அம்மாவே எழுதிக் கொடுத்துட்டீங்களே என்று சொல்லிவிட்டார்கள். வேன் வரும் நேரம் பார்த்து கோகிலா குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். அந்த எட்டில் ஒருத்தி இப்போது நர்சுக்குப் படிக்கிறாள், ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த எட்டுப் பேரின் தாய்களும், எங்க புள்ளைங்க சும்மா வேடிக்கை பார்க்கப் போனதுங்க என்று கோர்ட்டில் சொல்லிவிட்டதால் வழக்கில் மிஞ்சினது கோகிலா ஒருத்திதான். அங்கமுத்து சேதி கேட்டு வந்து வாசலிலேயே நின்றான். ரெண்டு வருசமா என்னை ஒரு ஆளா மதிக்கலையே நீ, நான் செத்தா போயிட்டேன் என்று கேட்டுவிட்டு, தண்ணி குடிக்காமல் போனவன்தான். அப்படி இல்லண்ணா, பதிமூணு நாள்தாண்ணா ஆச்சு என்று அவன் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடினால் அதிகாரியிடம் சொன்னது பொய்யாகும், பொய்யானால் உன்னையும் சேத்துத்தான் உள்ளே போடுவார்கள் என்று நல்லப்பன் சொல்லி வைத்திருந்தார். குச்சு கட்டவில்லை. பந்தல் போடவில்லை. ரெண்டு வருசம் முன்னால் நடந்துபோனதற்கு இப்போது யார் தலைக்குத் தண்ணி ஊற்றுவார்கள்? அந்தக் காட்டில் அந்த வருசம் காய் குறைந்தது. மழையால்தான். ஆனால் பேச்சு மழையைப் பற்றி இல்லை. ஆகாத கை. நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். கல்யாண வீட்டில் தட்டெடுக்கக் கூப்பிட மாட்டார்கள். போன தை மாசம் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ விசாரித்துவிட்டு, வீட்டுக்கே வராமல் திரும்பிவிட்டார்கள்.  கோகிலா பூ வைப்பதையே விட்டு ஏழு வருசமாகிறது. அலர்ஜி என்பாள். ஜெராக்ஸ் கடையில் வேலை. நாள் பூராவும் ஊரார் புள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, மூடி, ஒளி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சூடாக வெளியே வருகிற காகிதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பாளாம், கடைக்காரர் சொல்லிச் சிரித்தார்.

பெஞ்சில் நல்லப்பன் இருமினார். இட்லியைத் தின்னு பாவாயி, ஆறிப்போவும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். சர்க்கார் தரப்பு வக்கீல், சின்னப் பொண்ணுதான், கறுப்புக் கோட்டு தோளில் நிற்காமல் நழுவுகிறது, போகிற போக்கில் அவள் பக்கத்தில் குனிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். பயப்படாதீங்கம்மா, மொத தடவைன்னா பெத்தவங்களுக்குத் தண்டனை இல்ல, சட்டத்துலயே இருக்கு. ஏழு வருசமாக யாரும் இதைச் சொல்லவில்லை. சட்டத்தில் இருக்கிறதாம். தண்டனை இல்லையாம். அதைக் கேட்டதும் நெஞ்சு லேசாகவில்லை, எங்கோ இடறி விழுந்த மாதிரி இருந்தது. அப்போ எதுக்குப் பயந்தேன்? போன வாய்தாவில் கோகிலாவையே கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அவள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே வாக்கியம். "எனக்குத் தெரியாதுங்க. எங்கம்மா என்ன சொல்றாங்களோ அதுதான் என் வயசு." வக்கீல்கள் ரெண்டு பேரும் அதை வேறு வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பாவாயிக்கு அது ஒரே விதமாகத்தான் தைத்தது.

போன செவ்வாய்க்கிழமை சம்மன் வந்தது. சாயங்காலம் ரெண்டு பேரும் முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோகிலா தலை நிமிராமலே, கல்லைப் பொறுக்கி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டே பேசினாள். அம்மா, நான் அந்தப் பூவத் தொடவே இல்லம்மா என்றாள். எந்தப் பூ என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "பதிமூணு நாளும். செத்துப் போயிரும்னு பயமா இருந்துச்சு. தொப்பியக் கழட்டுவேன், ஆம்பளப் பூவக் கையில வெச்சுத் தேய்க்கற மாதிரி காத்துலயே ஆட்டிட்டு, நூல மட்டும் கட்டிருவேன்." மகரந்தம் படாத பூ. உதிராமல் என்ன செய்யும்? ஒரு ஊர் பூராவும் ஏழு வருசமாக அந்தக் கை பட்டதால் உதிர்ந்தது என்று சொல்லிக்கொண்டிருக்க, அந்தக் கை படாததால்தான் உதிர்ந்திருக்கிறது. நீ ஏண்டி அப்பவே சொல்லல என்று பாவாயி கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று வெட்கப்பட்டாள். மூச்சு விடாதேன்னு நீதான சொன்ன என்றாள் கோகிலா. கோபமே இல்லை குரலில். அரிசியை நேராக்கிக் கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். அப்புறம், நான் தொட்டிருந்தா காய் புடிச்சிருக்குமாம்மா என்று கேட்டாள். இருபதை நெருங்குகிற பொண்ணு, ஜெராக்ஸ் மிசினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவள், அன்றைக்குப் பன்னெண்டு வயசில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் கேட்ட அதே கேள்வியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். புடிச்சிருக்கும் சாமி என்று பாவாயி சொன்னாள். கோகிலா முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

நல்லப்பன் பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் வந்தார். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. சொன்னதையே சொல்லிரு பாவாயி, நீ சொன்னதுதான அது, நானா சொல்லச் சொன்னேன், ரெண்டு பேரும் ரெண்டு மணி பஸ்ஸுல வீட்டுக்குப் போயிரலாம். மெய்தான், அவர் சொல்லச் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்லச் சொன்னதில்லை. சின்னப் புள்ளைதானே என்று கேட்டது மட்டும்தான். பதினாலு என்றால் இந்த மனுசன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டுத் திண்டில் சாய்ந்து கிடப்பார். பன்னெண்டு என்றால் இந்த வீங்கின காலோடு எங்கே போய்ப் படுப்பார்? அன்றைக்கு மாணிக்கத்துக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்த கால் அது. பதினாலு. பதினாலு. ஆனால் பதினாலு என்று சொன்னால் ரெண்டு வருசமும் கூடவே வருமே. ரெண்டு வருசம் வந்தால் ஆகாத கையும் வரும். கோர்ட்டு முத்திரை குத்தி, சீல் வைத்து, எத்தனை ஜெராக்ஸ் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாவாயி, பாவாயி என்று யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது நல்லப்பன்தான், உன்னத்தான் என்று தோளைத் தொட்டு எழுப்பினார். இட்லிப் பொட்டலத்தை அவர் பக்கத்தில் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

கூண்டு இடுப்பு உயரம். செடி உயரம். சத்தியம் வாங்கினார்கள். சர்க்கார் வக்கீல் பொண்ணு, அன்னிக்கு உங்க மகளுக்கு என்ன வயசும்மா என்று கேட்டாள். பாவாயி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பன்னெண்டு முடிஞ்சு ஒம்போதாவது மாசம்ங்க, சுனாமி வந்த மார்கழி போய் மாசி மாசம் பொறந்தா என்றாள். டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நல்லப்பன் இருமுகிற சத்தம் கேட்டது. காட்டுக்காரரின் வக்கீல் எழுந்தார், அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதிகாரிகிட்ட பதினாலு வயசு, வயசுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சுன்னு சொன்னது நீதானே? நாந்தாங்க. அப்ப அது பொய்யா? பொய்ங்க. இப்ப சொல்றது மட்டும் மெய்னு எப்படி நம்பறது, உம் பொண்ணு எப்பத்தான் வயசுக்கு வந்தா, அதாவது தெரியுமா உனக்கு?

ஏழு வருசத்தில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. பாவாயி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்லுகிறவர்கள் வாசலில் நின்று அப்படித்தான் செருகிக்கொள்வார்கள். "ஐப்பசி கடைசி வெள்ளிக்கெழமைங்க. பொழுது எறங்கற நேரம். எம் பொண்ணு கோகிலவாணி பெரிய மனுசி ஆயிட்டா." கொஞ்சம் சத்தமா சொல்லும்மா என்றார் நீதிபதி. அவள் சத்தமாகச் சொன்னாள், அண்ணன் வேலை பார்க்கிற ஆலை வரைக்கும் கேட்கட்டும் என்கிற மாதிரி. சொன்னவள் நிறுத்தவில்லை. அவ கை ஆகாத கை இல்லீங்க, அவ அந்தப் பூவத் தொடவே இல்ல, காத்துலதான் ஆட்டுனா, காட்டுக்காரரக் கூப்ட்டுச் சொல்லுங்க அய்யா, வெளியதான் இருக்கறாரு என்றாள். டைப் அடிக்கிறவர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்தார். இதெல்லாம் வழக்குக்கு வேண்டாம், விட்டுருங்க என்றார் நீதிபதி, மெதுவாகத்தான் சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கறுப்புக் கோட்டைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தச் சின்னப் பொண்ணு திரும்ப எழுந்தாள். ஒரே ஒரு கேள்விம்மா என்றாள். அது தெரிஞ்ச மறுநாள் காலைல என்ன செஞ்சீங்க?

"எட்டு மணிக்குப் பூவுக்குக் கூட்டிட்டுப் போனேங்க."

யாரு கூட்டிட்டுப் போனது?

"நாந்தாங்க. கையப் புடிச்சு."

அதை எழுதிக்கச் சொன்னார் நீதிபதி.